ஹோஸ்டிங் மாற்றினால் கூகுளில் மேலே வருவேனா?

கேள்வி:

சைக்கிள் பழுதுபார்ப்பது பற்றி நான்கு ஆண்டுகளாக ஒரு தளம் நடத்துகிறேன். வேர்ட்பிரஸ், ஷேர்டு ஹோஸ்டிங் (வாடகை சர்வர் ஒன்றைப் பல தளங்கள் பகிர்ந்துகொள்வது), சுமார் 300 கட்டுரைகள். இரண்டு மாதமாகக் கூகுளிலிருந்து வருகிறவர்கள் பாதியாகக் குறைந்துவிட்டார்கள். ஹோஸ்டிங் நிறுவனத்தில் கேட்டால், 'எஸ்இஓ, அதாவது தேடலில் மேலே வருவதற்கான ஹோஸ்டிங் என்று தனித் திட்டம் இருக்கிறது. தனி ஐபி தருவோம், வெவ்வேறு சி கிளாஸ் ஐபிகளும் உண்டு. மாறினால் ரேங்க் ஏறும்' என்கிறார்கள். கட்டணம் இப்போது கட்டுவதைப் போல மூன்று மடங்கு. மாறலாமா? அல்லது வேறு நிறுவனத்துக்கே போய்விடலாமா? எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும்? மாற்றும்போது இருக்கிற ரேங்கும் போய்விடுமோ என்று பயமாகவும் இருக்கிறது.

பதில்:

அந்தத் திட்டத்தை வாங்காதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் இந்தப் பதிலைப் படிப்பதற்குள் விற்பனைப் பிரிவிலிருந்து இன்னும் இரண்டு முறை அழைத்திருப்பார்கள்.

ஹோஸ்டிங்குக்கும் தேடுபொறிக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்ல வரவில்லை. சம்பந்தம் உண்டு, ஆனால் ஒரு பக்கமாகத்தான். மோசமான ஹோஸ்டிங் ஒரு நல்ல தளத்தைக் கீழே இழுத்துவிடும். நல்ல ஹோஸ்டிங் ஒரு சுமாரான தளத்தை மேலே தூக்காது. ஆகவே 'எது என்னை மேலே கொண்டுபோகும்' என்று கேட்டுக்கொண்டு ஹோஸ்டிங் தேடினால் ஏமாறுவோம். 'எது குறுக்கே வராமல் இருக்கும்' என்று கேட்டால் பதில் கிடைக்கும்.

உங்களிடம் சொன்ன அந்த 'சி கிளாஸ் ஐபி' என்ன என்று தெரிந்துகொண்டால் சிரிப்பு வரும். ஐபி என்பது தளம் இருக்கும் கணினியான சர்வரின் எண் முகவரி. அதில் நான்கு எண்கள் இருக்கும். மூன்றாவது எண் வரை ஒன்றாக இருந்தால் ஒரே சி கிளாஸ் என்பார்கள். ஒரே ஆள் இருபது முப்பது தளங்களை நடத்தி, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இணைப்பு கொடுத்து, எல்லாம் வேறு வேறு ஆட்களுடையவை என்று கூகுளை நம்பவைக்கப் பார்த்த காலத்தில் பிறந்த சரக்கு இது. அப்படி இணைப்புகளை உற்பத்தி செய்வது கூகுளின் ஸ்பேம் விதிகளுக்கு எதிரானது. அது போகட்டும், உங்களிடம் இருப்பது ஒரே ஒரு தளம். பத்து ஐபியை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்?

தனி ஐபி கதையும் பழையதுதான். ஒரு காலத்தில் பாதுகாப்பான இணைப்பு தரும் எஸ்எஸ்எல் சான்றிதழ் போடத் தனி ஐபி வேண்டியிருந்தது. ஒரே ஐபியில் பல சான்றிதழ்களை வைக்க விடும் எஸ்என்ஐ என்ற வசதி எல்லா பிரவுசர்களிலும் வந்த பிறகு அந்தத் தேவை போய்விட்டது. ஒரே ஐபியில் நூற்றுக்கணக்கான தளங்கள் இருப்பது இன்று சாதாரணம். அதற்காக யாருடைய ரேங்கும் குறைவதில்லை.

சரி, உங்கள் வருகை ஏன் குறைந்தது? ஹோஸ்டிங்தான் காரணம் என்று உங்களிடம் சொன்னது ஹோஸ்டிங் விற்கிறவர். அதை விட்டுவிட்டு, தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் கருவியைத் திறங்கள். செயல்திறன் அறிக்கையில் கடைசி ஆறு மாதத்தை எடுத்துக்கொண்டு, சரிவு எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று பாருங்கள். ஒரே வாரத்தில் படியிறங்கியது போல விழுந்திருந்தால், அந்தத் தேதியைக் கூகுளின் சர்ச் ஸ்டேட்டஸ் டாஷ்போர்டில் உள்ள கோர் அப்டேட் (தேடல் வரிசை முறையில் கூகுள் செய்யும் பெரிய மாற்றம்) தேதிகளோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் பெரும்பாலும் விஷயம் கட்டுரைகளில் இருக்கிறது, சர்வரில் இல்லை. குறிப்பிட்ட சில கட்டுரைகள் மட்டும் விழுந்து மற்றவை அப்படியே நின்றாலும் அதே முடிவுதான். சர்வர் கெட்டுப்போனால் அது கட்டுரை பார்த்துக் கெடாது.

சர்வர் மேல் சந்தேகம் இருந்தால் அதைச் சொல்ல சர்ச் கன்சோலிலேயே ஒரு இடம் இருக்கிறது. பலர் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. அமைப்புகளுக்குள் போனால் கிரால் ஸ்டாட்ஸ் என்று இருக்கும். பக்கங்களைப் படிக்கக் கூகுள் அனுப்பும் நிரலான கூகுள்பாட் உங்கள் சர்வரிடம் எத்தனை முறை வந்தது, சராசரியாக எத்தனை மில்லிசெகண்டில் பதில் கிடைத்தது, 5-இல் தொடங்கும் பிழை எண்கள் (சர்வர் கோளாறுகள்) எத்தனை என்று மூன்று மாதக் கணக்கு அங்கே இருக்கும். ஹோஸ்ட் நிலை என்ற பகுதியில் மூன்று விஷயங்களுக்குப் பச்சை அல்லது சிவப்பு காட்டும்: ரோபாட்ஸ் கோப்பு (எதைப் படிக்கலாம் என்று தேடுபொறிகளுக்குச் சொல்லும் கோப்பு) கிடைத்ததா, டிஎன்எஸ் (தளப் பெயரை ஐபியாக மாற்றும் அமைப்பு) வேலை செய்ததா, சர்வரோடு தொடர்பு கிடைத்ததா. மூன்றும் பச்சையாக இருந்து, பதில் நேரமும் சரிவுக்கு முன்பு இருந்தது போலவே இருந்தால் ஹோஸ்டிங்கைக் குற்றம் சொல்ல ஆதாரம் இல்லை.

ரோபாட்ஸ் கோப்பைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தக் கோப்பே இல்லாமல் 404 வந்தால் பரவாயில்லை, தடை எதுவும் இல்லை என்று கூகுள் எடுத்துக்கொள்ளும். ஆனால் அந்தக் கோப்புக்குச் சர்வர் 500 அல்லது 503 என்று பதில் சொன்னால், முழுத் தளத்தையும் தொட வேண்டாம் என்று சொன்னதாக எடுத்துக்கொண்டு அப்போதைக்கு நிறுத்திவிடும். ஒரு சின்ன உரைக் கோப்பு திணறினாலே இவ்வளவு.

நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு வாடிக்கையாளரின் தளம். என் கணினியில் திறந்தால் சட்டென்று வருகிறது, அவர் கைபேசியிலும் வருகிறது, ஆனால் கூகுளில் பக்கங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. ஒரு வாரம் கட்டுரைகளையும் ப்ளக்இன்களையும் (வேர்ட்பிரஸில் சேர்க்கும் கூடுதல் வசதிகள்) குடைந்தேன். கடைசியில் சர்ச் கன்சோலில் ஒரு முகவரியைப் போட்டு நேரடிச் சோதனை செய்தபோது 403 வந்தது. எங்களுக்கெல்லாம் கதவைத் திறந்துவிட்ட சர்வர், கூகுள்பாட் வந்தால் மட்டும் அனுமதி இல்லை என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. ஹோஸ்டிங் நிறுவனம் தன் ஃபயர்வாலை, அதாவது பாதுகாப்பு வடிகட்டியை, மாற்றியிருக்கிறது. அடுத்தடுத்து நிறைய பக்கங்கள் கேட்கிற யாரையும் அது தாக்குதல்காரன் என்று முடிவு செய்துவிடும். கூகுள்பாட் அப்படித்தானே கேட்கும்? அவர்களிடம் சொன்னபோது முதல் இரண்டு பதில்கள் 'எங்கள் பக்கம் பிரச்சினை இல்லை' என்று வந்தன. யார் வந்தார்கள் என்று சர்வர் எழுதிவைக்கும் அக்சஸ் லாகிலிருந்து நாற்பது வரிகளை வெட்டி அனுப்பிய பிறகுதான் மூன்றாவது ஆள் ஒப்புக்கொண்டார். அன்றிலிருந்து அக்சஸ் லாக் தராத ஹோஸ்டிங்கை நான் யாருக்கும் சொல்வதில்லை.

இதே வகையில் இன்னொன்று. வெளிநாட்டு ஐபிகளை எல்லாம் தடுத்துவிட்டால் பாதுகாப்பு என்று சிலர் ஒரு ப்ளக்இன் போடுவார்கள். கூகுள்பாட் பெரும்பாலும் அமெரிக்க ஐபிகளிலிருந்துதான் வரும். அமெரிக்காவைத் தடுத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இப்போது வேகம். இதற்கு உங்கள் கையாலேயே ஒரு சோதனை செய்யலாம், பத்து நிமிடம் போதும். நோட்பேடில் ஒரு வரி எழுதி, உரைக் கோப்பாகச் சேமித்து, ஹோஸ்டிங்கின் ஃபைல் மேனேஜர் வழியாகத் தளத்தின் முதன்மை ஃபோல்டரில் ஏற்றுங்கள். குரோமில் மறைநிலைச் சாளரம் திறந்து, எஃப்12 விசையை அழுத்தி, நெட்வொர்க் பகுதிக்குப் போய், அந்தக் கோப்பின் முகவரியைத் திறங்கள். முதல் வரிசையைச் சொடுக்கி டைமிங் என்பதில் பார்த்தால், சர்வரின் பதிலுக்காகக் காத்திருந்த நேரம் மில்லிசெகண்டில் இருக்கும். ஐந்து முறை செய்து குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அதே போல உங்கள் கட்டுரை ஒன்றைத் திறந்து அதே எண்ணைக் குறியுங்கள். காலையில் ஒரு தடவை, தளத்துக்கு அதிகம் பேர் வரும் நேரத்தில் ஒரு தடவை.

உரைக் கோப்பு 120, கட்டுரை 1,900 என்று வந்தால் சர்வர் நன்றாகத்தான் இருக்கிறது. கட்டுரையைத் தயாரிக்க வேர்ட்பிரஸ் திணறுகிறது. தீம், ப்ளக்இன், கேஷ் (தயாரித்த பக்கத்தைச் சேமித்து வைப்பது) இல்லாமை, இவற்றில் ஏதோ ஒன்று. தொடர்புடைய கட்டுரைகளைக் காட்டும் ஒரே ஒரு ப்ளக்இன், ஒவ்வொரு வருகைக்கும் 300 கட்டுரைகளையும் துழாவிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். அதைத் தூக்கியதும் பாதி நேரம் குறைந்தது. இந்த நிலையில் ஹோஸ்டிங் மாற்றினால், அதே மூட்டையைப் புது வீட்டுக்குச் சுமந்துகொண்டு போகிறீர்கள்.

உரைக் கோப்பே 800, 900 என்று இழுத்தால், அதுவும் காலையில் 150 ஆகவும் மாலையில் 900 ஆகவும் ஊசலாடினால், அக்கம்பக்கத்துக் கூட்டம் அதிகம். ஷேர்டு சர்வரில் உங்களோடு இருக்கும் மற்ற தளங்கள் மூச்சை இழுத்துக்கொள்கின்றன. இது மாறவேண்டிய ஹோஸ்டிங். எந்த நேரத்திலும் ஒரே அளவாகக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தால் தூரம் காரணமாக இருக்கலாம்.

தூரம் என்றால் சும்மா இல்லை. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர்தான் போகும். சர்வர் 10,000 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் போய்த் திரும்ப 100 மில்லிசெகண்ட், இடையில் எதுவுமே தாமதிக்காவிட்டாலும். புதிதாக வருகிற ஒருவருக்கு முதல் எழுத்து வந்து சேர்வதற்குள் இந்தப் பயணம் குறைந்தது மூன்று தடவை நடக்கிறது: தொடர்பு ஏற்படுத்த ஒன்று, பாதுகாப்பான இணைப்புக்காக டிஎல்எஸ் 1.3 கைகுலுக்க ஒன்று, பக்கத்தைக் கேட்டு வாங்க ஒன்று. ஆக 300 மில்லிசெகண்ட் சாலையிலேயே போய்விட்டது. பழைய டிஎல்எஸ் என்றால் இன்னொரு 100. ஆகவே சர்வர் உங்கள் வாசகர்கள் அதிகம் இருக்கும் பக்கத்தில் இருப்பது நல்லது. 'உள்நாட்டு சர்வர் என்றால் கூகுள் மதிப்பு கொடுக்கும்' என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு நகருங்கள். தளம் யாருக்கானது என்று ஊகிக்க சர்வர் இருக்கும் இடத்தையும் கூகுள் ஒரு குறிப்பாகப் பார்க்கலாம், ஆனால் அதுவே முடிவு செய்வதில்லை. உங்களுக்கு வேண்டியது வாசகருக்குக் கிடைக்கிற வேகம். வாசகர்கள் பல நாடுகளில் சிதறி இருந்தால் எந்த இடமும் எல்லோருக்கும் பக்கம் ஆகாது, அப்போது சிடிஎன் (பக்கங்களின் பிரதிகளைப் பல நாட்டு சர்வர்களில் வைக்கும் சேவை) போடுங்கள்.

கூகுள் இந்த வேகத்தை எப்படி அளக்கிறது என்பதையும் பாருங்கள். கணினித் தேடலில் 2010-லும் கைபேசித் தேடலில் 2018-லும் வேகத்தைக் கணக்கில் எடுத்தார்கள். 2021-இல் கோர் வெப் வைட்டல்ஸ் என்ற பக்க அனுபவ அளவீட்டுத் தொகுப்பும் அந்தக் கணக்கில் சேர்ந்தது. அதில் ஹோஸ்டிங்கோடு நேரடியாக உரசுவது எல்சிபி, அதாவது பக்கத்தின் பெரிய பகுதி கண்ணுக்குத் தெரிய ஆகும் நேரம். வருகிறவர்களில் 75 சதவீதத்தினருக்கு அது 2.5 நொடிக்குள் இருந்தால் நல்லது. இது சோதனைக் கூடத்து எண் இல்லை, குரோமில் உங்கள் தளத்தைத் திறந்த நிஜ ஆட்களிடமிருந்து 28 நாட்களுக்குச் சேர்த்த எண். அதனால் இன்று மாற்றிவிட்டு நாளை பார்த்தால் ஒன்றும் தெரியாது. சர்வரின் முதல் பதில் 0.8 நொடிக்குள் வரட்டும் என்பது குரோம் குழுவின் வழிகாட்டல். அது தனி மதிப்பெண் இல்லை, ஆனால் அந்த 2.5 நொடியில் முதல் பங்கு அதற்குத்தான் போகிறது. ஒன்று சொல்ல வேண்டும்: 0.6 நொடியை 0.4 ஆக்கினால் ரேங்க் ஏறும் என்று எதிர்பார்க்காதீர்கள். இரண்டு நொடியை 0.6 ஆக்கினால்தான் வாசகரும் உணர்வார்.

இத்தனைக்குப் பிறகும் மாறத்தான் வேண்டும் என்று தெரிந்தால், வாங்கும்போது விளம்பரப் பக்கத்தின் பெரிய எழுத்தை விட்டுவிட்டு வரம்புகளைத் தேடுங்கள். 'அன்லிமிடெட்' என்று போட்டிருக்கும் ஷேர்டு திட்டங்களிலும் சிபியு, நினைவகம், ஒரே நேரத்தில் ஓடக்கூடிய என்ட்ரி ப்ராசஸ், ஐநோட் என்று வரம்புகள் இருக்கும். என்ட்ரி ப்ராசஸ் 20 என்றால், கேஷ் ஆகாத பக்கத்தை ஒரே கணத்தில் 21-ஆவது ஆள் கேட்டால் அவருக்கு 508 பிழை. அந்த 21-ஆவது ஆள் கூகுள்பாட்டாகவும் இருக்கலாம். ஐநோட் என்றால் கோப்புகளின் எண்ணிக்கை. 300 கட்டுரை, கட்டுரைக்கு ஐந்து படம் என்றால் 1,500 படம்தானே என்று தோன்றும். வேர்ட்பிரஸ் ஒவ்வொரு படத்துக்கும் பல அளவுகளில் பிரதி எடுத்து வைக்கும். ஏழு என்று வைத்தாலே 10,500 கோப்புகள். கேஷ் கோப்புகளும் மின்னஞ்சல்களும் இதற்கு மேல்.

இப்போதைய ஹோஸ்டிங்கில் சிபேனல் என்ற நிர்வாகப் பக்கம் இருந்தால் ரிசோர்ஸ் யூசேஜ் என்பதைத் திறந்து பாருங்கள். கடந்த மாதத்தில் எந்த வரம்பை எத்தனை முறை முட்டினீர்கள் என்று அங்கேயே தெரிந்துவிடும். ஒரு தடவையும் முட்டவில்லை என்றால் பெரிய திட்டம் எதற்கு? உங்கள் அளவுத் தளத்துக்கு, பக்கங்களைச் சர்வரிலேயே கேஷ் செய்யும் வசதியுள்ள நல்ல ஷேர்டு ஹோஸ்டிங் போதும் என்பது என் கருத்து. விபிஎஸ், அதாவது நீங்களே பராமரிக்க வேண்டிய தனி மெய்நிகர் சர்வர், வாங்கச் சொல்ல மாட்டேன். அதைப் பராமரிக்கத் தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லாவிட்டால், பாதுகாப்பு அப்டேட் போடாமல் விட்ட விபிஎஸ் சுமாரான ஷேர்டு ஹோஸ்டிங்கைவிட ஆபத்து. தளத்துக்குள் யாராவது புகுந்து மருந்து விற்கும் பக்கங்களை ஏற்றிவிட்டால் ரேங்க் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எஸ்எஸ்எல் இலவசமாகவும் தானாகப் புதுப்பிக்கும்படியும் இருக்க வேண்டும். 2014-இல் எஸ்எஸ்எல் போட்டு எச்டிடிபிஎஸ் வைத்த தளத்துக்குச் சிறு சலுகை என்று கூகுள் அறிவித்தது, இன்று அது அடிப்படை. சான்றிதழுக்குத் தனிக் காசு கேட்டால் வேறு இடம் பாருங்கள். வேர்ட்பிரஸ் ஓடும் மொழியான பிஎச்பி 8.3 அல்லது அதற்கு மேல் இருக்கட்டும், 7.4-க்கான ஆதரவு 2022 நவம்பரிலேயே முடிந்துவிட்டது. பக்கங்களை அனுப்பும் நெறிமுறையில் எச்டிடிபி/2 கட்டாயம், /3 இருந்தால் நல்லது. பழைய முகவரிக்கு வருகிறவரைப் புதியதற்கு நிரந்தரமாக அனுப்பும் 301 ரீடைரக்ட் நீங்களே போட முடிய வேண்டும். பேக்கப் தினமும் எடுக்கிறார்களா என்பதோடு, நீங்களே ஒரு பொத்தானில் மீட்டெடுக்க முடியுமா என்றும் கேளுங்கள். 99.9 சதவீத அப்டைம் (தளம் விழாமல் இருக்கும் நேரம்) என்பது கேட்க இனிமையாக இருக்கும். மாதத்துக்கு 43 நிமிடம் படுத்துக்கொள்ள அனுமதி என்று அர்த்தம். அதுகூடப் பரவாயில்லை. அரைமணி நேரம் தளம் விழுந்தால் கூகுள் எதையும் நீக்காது, பிறகு வந்து பார்க்கும். நாட்கணக்கில் 5-இல் தொடங்கும் பிழை தொடர்ந்தால்தான் முதலில் வருவதைக் குறைத்து, பிறகு பக்கங்களை எடுக்கத் தொடங்கும். முதல் வருடச் சலுகை முடிந்து இரண்டாம் வருடம் என்ன கட்டணம் என்பதையும் பணம் கட்டுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

வாங்குவதற்கு முன் சாட்டில் ஒரு கேள்வி போட்டுப் பாருங்கள்: 'உங்கள் ஃபயர்வால் கூகுள்பாட்டைத் தடுத்தால் எப்படிக் கண்டுபிடிப்பது, லாக் எங்கே பார்ப்பது?' 'எங்கள் சர்வர்கள் நூறு சதவீதம் எஸ்இஓ ஃப்ரெண்ட்லி' என்று பதில் வந்தால் மூடிவிடுங்கள். லாக் இருக்கும் இடத்தைச் சொல்லி, ஐபியைக் கொடுத்தால் ரிவர்ஸ் டிஎன்எஸ் (ஐபியிலிருந்து பெயரைக் கண்டுபிடிப்பது) பார்த்து உண்மையான கூகுள்பாட்தானா என்று சரிபார்க்கிறோம் என்றால், அங்கே வேலை தெரிந்த ஆள் உட்கார்ந்திருக்கிறார்.

இனி உங்கள் பயம். ஹோஸ்டிங் மட்டும் மாறி, பக்கங்களின் முகவரிகள் அப்படியே இருந்தால் ரேங்க் போகாது. சர்ச் கன்சோலில் முகவரி மாற்றக் கருவியை எல்லாம் தொட வேண்டாம், அது டொமைன் மாறினால்தான். மாற்றுவதற்கு ஓரிரு நாள் முன்பே டிஎன்எஸ்ஸில் டிடிஎல் எண்ணை (பழைய முகவரியை எத்தனை நொடி நினைவில் வைக்கலாம் என்பது) 300 ஆக்கிவிடுங்கள். பல இடங்களில் அது 14,400 என்று, அதாவது நான்கு மணி நேரம் என்று இருக்கும். அப்படியே விட்டால் சிலர் பழைய சர்வரிலும் சிலர் புதியதிலுமாக நெடுநேரம் அலைவார்கள். புது இடத்தில் முழுப் பிரதியும் ஏற்றி, நாலைந்து கட்டுரைகளைத் திறந்து, படங்கள் வருகின்றனவா, படிவங்கள் போகின்றனவா என்று பார்த்த பிறகு டிஎன்எஸ்ஸை மாற்றுங்கள்.

ஒரு இடத்தில் நானே சறுக்கியிருக்கிறேன். சோதனைப் பிரதியைக் கூகுள் பார்த்துவிடக் கூடாது என்று வேர்ட்பிரஸ் அமைப்புகளில், தேடுபொறிகளைத் தவிர்க்கச் சொல்லும் கட்டத்தில் டிக் போட்டேன். தளம் நேரலைக்குப் போனது, டிக்கும் கூடவே போனது. பதினோரு நாள் கழித்து வாடிக்கையாளர்தான் கூப்பிட்டார். மாற்றிய அன்றே அந்தக் கட்டத்தைத் திறந்து பாருங்கள், ரோபாட்ஸ் கோப்பையும் பாருங்கள்.

மாற்றியதும் கூகுள்பாட் வருகிற வேகம் சில நாள் குறையும். புது சர்வர் எவ்வளவு தாங்கும் என்று பார்த்துவிட்டுத் தானாகக் கூட்டிக்கொள்ளும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். பழைய கணக்கை உடனே ரத்து செய்யாதீர்கள். அங்குள்ள அக்சஸ் லாகில் கூகுள்பாட்டின் வரிகள் நின்று, எல்லாம் புது சர்வருக்கு வந்துவிட்டன என்று தெரிந்த பிறகு ரத்து செய்யுங்கள். அதற்கு முன் உங்கள் டொமைன் பெயரிலுள்ள மின்னஞ்சல் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். ஷேர்டு ஹோஸ்டிங்கில் தளமும் அஞ்சலும் பெரும்பாலும் ஒரே கணக்கில்தான் இருக்கும். கணக்கை மூடினால் நான்கு வருட வாசகர் கடிதங்களும் அதோடு போய்விடும்.